சுவரில் விட்ட வழி

பாகம் பிரித்த வீட்டின் மொட்டைமாடியில் நடுச்சுவர் எழுப்ப வந்த கொத்தனார், குறுக்கே வட்டமாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்துத் தயங்கினார். அக்காவும் தம்பியுமாகத் திருகாணி திருகாணியாக முடுக்கிச் செய்த முழ நீள நீராவி ரயில், அதில் புகைந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை எடுத்துருங்கக்கா."

"எடுக்க மாட்டேன். நீங்க கட்டுங்க," என்றாள் அக்கா ஸ்டெல்லா.

ரயில் வரும்போதெல்லாம் கொத்தனார் கரண்டியைத் தூக்கி வழிவிட்டார். கடைசியில் அலுத்துப்போய், தண்டவாளம் கடக்கும் இரண்டு இடங்களிலும் பொந்து விட்டுக் கட்டினார்.

"என் பங்குக்குள்ள உன் ரயிலு வரக்கூடாது," என்றான் தம்பி பிரிட்டோ, அந்தப் பக்கத்திலிருந்து.

"வரும்."

சுவர் ஆளுயரம் ஆயிற்று. பொந்துக்குள் நுழைந்த ரயிலின் சத்தம் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டது. தண்ணீர் தீர்ந்திருக்கும். உடனே ஊற்றாவிட்டால், எரிகிற தீயில் கொதிகலனின் ஈயப் பற்று உருகிவிடும். அது பிரிட்டோவுக்கும் தெரியும். ஈயம் வைத்தவனே அவன்தான்.

ஸ்டெல்லா குனிந்து பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. ரயில் வெளியே வரவேண்டிய பொந்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரயில் வரலாம் என்று தகரக் கைகாட்டியை இறக்கிவைத்தாள்.