செவந்தி வருவதற்குள்

“செவந்தி வர்றதுக்குள்ள மூடிரணும்ப்பா” என்று பெரியண்ணன் சொன்னது, உரக்கடை வாசலில் நின்ற லாரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த செவந்தியின் காதில் தெளிவாக விழுந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எட்டிப் பார்த்தாள். அவளுடைய தையல் கடையின் கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது, பக்கத்து ஜன்னலும் போயிருந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் பெரியண்ணன் பிளைவுட் பலகையைத் தாங்கிப் பிடிக்க, தச்சர் ஜஸ்டின் அதைக் கதவு நிலையில் பொருத்திக்கொண்டிருந்தார்.

காலையில் லைனிங் துணி வாங்கக் கீரமங்கலம் புறப்பட்டபோது கடை முழுசாக இருந்தது. திரும்பும்போது ஜல்லிக்கட்டுக் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேகாத வெயிலில் நடந்து வந்தவளுக்கு இந்தக் காட்சி.

பெரியண்ணன் இரண்டு மாதமாகவே கடையைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகன் அங்கே செல்போன் கடை வைக்கப் போகிறானாம். ஷட்டர் மாட்டிக்கொண்டது, சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டதற்கு, “மாசி பொறக்கட்டும் ஆத்தா” என்று நழுவிவிட்டார். அது ஏன் என்று இப்போதல்லவா புரிகிறது!

ஜஸ்டின் சுத்தியலைக் கையில் எடுத்தார். பெரியண்ணன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“அடிக்காதப்பா! சத்தம் வரக் கூடாது.”

“அப்ப ஆணி வேணாங்க. ஸ்க்ரூ போட்டுக் கையாலேயே முறுக்கிர்றேன்.”

“அதான் சரி. ஒரு பொட்டு வெளிச்சம் கூடத் தெரியாம மூடு.”

சத்தமில்லாமல் கடையை மூடுகிறார்களாம்! புதன்கிழமை ராஜலட்சுமி டீச்சர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கும் உறவுக்காரர்களுக்குமாகப் பதினேழு ஜாக்கெட் உள்ளே தொங்குகிறது. அதைக் கொடுக்க முடியாமல் போனால் இந்த ஊரில் இனி எவள் செவந்தியிடம் துணி கொடுப்பாள்?

எதிர் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அநியாயத்தைத் தட்டிக் கேட்க ஒரு நாதியில்லை. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பெரியண்ணன் போனைக் காதில் வைத்தார். செவந்தியின் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், இதோடு பதினான்காவது தடவை. காலி பண்ணு என்ற பழைய பாட்டுதான் என்று பஸ்ஸிலிருந்தே அவள் எடுக்கவில்லை. எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று வேவு பார்க்கிறாரா? வெடுக்கென்று கட் செய்தாள்.

“எடுக்க மாட்டேங்குதுப்பா அந்தப் புள்ள.”

“வந்து நின்னா என்ன சொல்றதுங்க?”

“மொதல்ல மூடுவோம். மதுரைவீரன் நாலு ஆளோட வந்துக்கிட்டிருக்கான். மிச்சத்த அவன் பாத்துக்குவான்.”

அடியாள் வேறு ஏற்பாடு செய்தாகிவிட்டது! செவந்தி லாரியோடு ஒட்டிக்கொண்டாள். பயம் கால்வாசி, ஆத்திரம் முக்கால்வாசி.

“பின்னாடி ஒரு வழி இருக்குதேங்க?”

“அது பூட்டித்தான் கெடக்கு. சாவி செவந்திகிட்ட. அதுவும் நல்லதாப் போச்சு.”

நல்லதாப் போச்சா? எனக்கல்லவா நல்லதாகப் போச்சு என்று செவந்தி பல்லைக் கடித்தாள். யார் கண்ணிலும் படாமல் உரக்கடைச் சந்துக்குள் நுழைந்து, முள்ளும் குப்பையுமாகக் கிடந்த பின்பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். ஜாக்கெட்டுகளை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் போலீஸுக்குப் போன். உள்ளே மெஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் எந்த மதுரைவீரன் வந்து தூக்குவான் என்று பார்க்கலாம்.

சாவியைப் போட்டபோதுதான் உள்ளே சத்தம் கேட்டது.

என்னவோ கனமாக நகர்ந்தது. தையல் மெஷின் தடாலென்று சாய்ந்தது. சர்ரென்று துணி கிழிந்தது. யாரோ புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்கள்.

அடப்பாவி! உள்ளே ஏற்கெனவே ஆளை விட்டிருக்கிறார்கள். கல்யாண ஜாக்கெட்டைக் கிழிக்கிறான்!

அதற்குமேல் அவளுக்கு நிதானமில்லை. சுவரோரம் கிடந்த விறகுக் கட்டையை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். பூட்டைத் திறந்து வீசினாள், தாழ்ப்பாளை இழுத்தாள்.

“எவன்டா உள்ள? பொம்பளதானேன்னு நெனச்சியா? தைரியமிருந்தா வெளிய வாடா!” என்று கத்தியபடியே கதவை எட்டி உதைத்தாள்.

உள்ளே மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

பக்கத்து மதில்மேல் பெரியண்ணனின் தலை தெரிந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஓடு ஆத்தா, உள்ள நிக்கிறது ஜல்லிக்கட்டு மாடு!”