ஏழின் அடியில் ஒரு கீறல்

இயந்திரம் ரப்பர் பட்டையை இழுக்கிறது, விடுகிறது. மூன்று நாளாக இதே மூச்சு. குழல்விளக்கின் வெளிச்சம் பட்டைக்குள் பால்போல இறங்கி நிற்கிறது. பரிசோதகர் ஸ்டூலில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருக்கிறார். அடையாளத்துக்காக அவரே பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய 7 என்ற எண், இழுக்கும்போதெல்லாம் நீண்டு சுருங்குகிறது. அதன் காலடியில் மயிரிழை போல ஒரு கீறல் வாய் திறக்கிறது, மூடுகிறது. மறுபடி திறக்கும்போது இன்னும் கொஞ்சம் அகலமாக. "தாங்குதா சார்?" என்று கதவருகே நின்றபடி கேட்கிறாள் பொறியாளரான இளம்பெண். "இல்லம்மா. பேனா பட்ட இடத்துலதான் விடுது." அவள் கையிலிருந்த காபி டம்ளர் பாதியில் நிற்கிறது. "இதே ரப்பர்ல செஞ்சு போன மாசம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பின பம்ப் சவ்வு எல்லாம்?" "அதுலயும் நான்தாம்மா நம்பர் போட்டேன்." பட்டை சத்தமே இல்லாமல் இரண்டாகிறது. அறுந்த முனைகளை விட்டுவிட்டு இயந்திரம் வெறுங்காற்றை இழுக்கிறது, விடுகிறது. நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவருக்குக் கை எழவில்லை. இதயத்துக்குத் துணையாகப் பம்ப் வைத்திருக்கும் அவருடைய அக்காவுக்கென்று, அந்தச் சவ்வுகளில் நல்லதாக ஒன்றை அவர்தான் பொறுக்கியெடுத்தார். வேறொன்றோடு மாறிவிடக் கூடாதே என்று, அதன் எண்ணின் மேல் மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதினார்.