எழுதிக் கொடுக்காத கைகள்

ஜெசிந்தாவின் கணுக்காலில் கால்பந்து கிளப் மாட்டிய வளையம், ஒப்பந்தம் முடியும்வரை கழலாது. வேறு அணிக்காகப் பந்தைக் காலால் தொட்டால் அது கூவிவிடும். பிறகு இரண்டு வருடம் எந்த மைதானத்திலும் இறங்க முடியாது. விடுமுறைக்கு வியாசர்பாடி வந்தவள், உருண்டு வரும் பந்தைக் கண்டாலே ஒதுங்கி நின்றாள்.

ஞாயிறு காலை காசிமேட்டுடன் அவள் தெருவுக்கு இறுதி ஆட்டம். பத்தாவது தெருவின் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா மரகதம் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலத்தான எழுதிக் குடுத்துக்கீற? கை சும்மாதான கீது?"

ஜெசிந்தா கையுறை மாட்டினாள். கிளப்புக்குக் கோலாக அடித்துத் தள்ளுபவள் அன்று ஐந்து கோல் வாங்கினாள். ஆனாலும் தெரு ஆறு அடித்திருந்தது. கடைசி நிமிடத்தில் காசிமேட்டுக்குப் பெனால்டி. பாய்ந்து, இரண்டு கையாலும் குத்தி வெளியே தள்ளினாள். வளையம் மூச்சுவிடவில்லை. தெருவே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டது.

சாயங்காலம் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ எடுத்த ஆட்டக் காணொளியைப் பார்த்துவிட்டார்களாம். அடுத்த ஒப்பந்தத்தில் கைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

ஜெசிந்தா புழுதி போகாத உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது வேற டீமுக்கு ஆடுது சார். பத்தாவது தெரு. அவங்க விட்டுக் குடுக்க மாட்டாங்க."