ஆள் தட்டுப்பாடு

"கூட்டுலேருந்து நான் விலகிக்கிறேன்."

ஷ்யாமளா இதை வாட்ஸ்அப்பில் போட்டபோது வசந்தாமணி இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு போனை எடுத்துப் படித்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தாள்.

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில், ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் வசந்தாமணி, ஷ்யாமளா, ஹம்சா என்று மூன்று வீடு. மூவரின் பிள்ளைகளுக்கும் ஒரே ஸ்கூல். ஒருத்தி மாற்றி ஒருத்தி பிக்கப் பண்ணி, சாயங்காலம் வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். ஒரு வீட்டில் மாவு அரைத்தால் மூன்று வீட்டிலும் இட்லி. ஒருத்தி இந்தியக் கடைகள் இருக்கிற எடிசனுக்குப் போனால் மூன்று வீட்டிலும் முருங்கைக்காய் சாம்பார். கூட்டுக்கு ஒரே சட்டம்தான். காசுப் பேச்சே கூடாது.

விலகுகிறவள் இந்த நேரம் பார்த்தா விலகுவாள்? ஹம்சாவின் கணவன் சபரிக்கு வேலை போய் மாசக்கணக்காகிறது. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் வாடகைக்குப் பதிலாக யாரும் கிரீன் கார்டை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். லீஸ் முடிவதற்குள் வழி பிறக்காவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று ஹம்சாவே சொல்லியிருந்தாள்.

உதவி செய்யலாமென்றால் அதற்கும் அவள் விடுவதில்லை. ஒரு டப்பா குழம்பு கொடுத்தனுப்பினால், மறுநாள் அதே டப்பாவில் ரவா லட்டு வரும். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாதாம். வசந்தாமணி ஒரு தடவை பணமாகவே நீட்டிப் பார்த்தாள். ஹம்சா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதோடு வசந்தாமணி உதவி செய்வதை நிறுத்திவிட்டு, பரிதாபப்படுவதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு வீட்டுல கஷ்டம்னு தெரிஞ்சும் இப்படிப் பண்றாளே, மனுஷியா அவ?"

கணவன் செல்வராஜ் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குப் பொருளாதாரம் படிக்காமலே வரும்.

"பிரிட்டன்காரன் இதைத்தான் பண்ணான். யூரோப்பியன் யூனியன் வேண்டாம், தனியா இருந்துக்கறோம்னு வெளிய போனான். என்ன ஆச்சு? லாரி ஓட்ட ஆள் இல்ல, பெட்ரோல் பங்க்ல க்யூ. பழம் பறிக்க ஆள் இல்ல. எல்லாத்துக்கும் ஆள் தட்டுப்பாடு."

"இவளுக்கும் அப்படி ஆகணும்."

"ஆகும் பாரு."

ஆனது. அந்த மாசமே ஷ்யாமளா போய் ஹம்சா வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆபீஸில் தினமும் நேரில் வரச் சொல்லிவிட்டார்களாம். டேகேரில் இடம் இல்லையாம். மகள் தீக்ஷாவை ஸ்கூலிலிருந்து கூட்டி வந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். டேகேரில் வாங்குகிற அதே காசைக் கொடுத்துவிடுகிறாளாம்.

"காசெல்லாம் எதுக்கு?" என்றாள் ஹம்சா.

"நான்தான் கூட்டுல இல்லையே. வெளியாளுக்குச் சும்மா எப்படிச் செய்வீங்க?"

அந்தக் கணக்கு ஹம்சாவுக்குச் சரியாகப் பட்டது. வாங்கிக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் வசந்தாமணிக்கு அன்றைக்கு இட்லி கூடப் பஞ்சாக வந்தது.

"சும்மா கிடைச்சதைக் காசு குடுத்து வாங்கறா. நல்லா வேணும் அவளுக்கு!"

"வெளியாளுக்குப் போடற வரி. இதுக்குப் பேருதான் டாரிஃப்" என்றான் செல்வராஜ்.

ஷ்யாமளா கொடுப்பதைப் பார்த்து, காம்ப்ளெக்ஸில் இன்னும் சிலர் பிள்ளைகளை ஹம்சாவிடம் விட்டார்கள். சபரிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் லீஸை நீட்டித்தாகிவிட்டது. ஹம்சா முகத்தில் சிரிப்பு திரும்பியிருந்தது.

"கடவுள் இருக்கான்" என்று வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவ விட்டுட்டுப் போனதே இவளுக்கு நல்லதா முடிஞ்சுது பாருங்க."

ஜனவரி மாசம். ஒரு மத்தியானம் லைப்ரரியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் வசந்தாமணி. பார்க்கிங்கின் கோடியில் ஷ்யாமளாவின் கார் நின்றது. உள்ளே ஷ்யாமளா. தலையில் குல்லா, மேலே கம்பளி, ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்த லேப்டாப். பக்கத்து சீட்டில் தயிர்சாத டப்பா.

ஆபீஸ் நேரத்தில் இவளுக்கு இங்கே என்ன வேலை? வசந்தாமணிக்குப் பகீர் என்றது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் லேசாக இனிக்கவும் செய்தது. கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன ஷ்யாமளா, உனக்கும் வேலை போயிடுச்சா?"

"ஐயோ, இல்லக்கா. மீட்டிங்ல இருக்கேன். லைப்ரரிக்குள்ள பேசக்கூடாதே, அதான் கார்ல."

"ஆபீஸுக்குத் தினமும் வரச் சொல்லிட்டாங்கன்னியே?"

"அப்படி யாரும் சொல்லலக்கா. எனக்கு எப்பவும் வர்க் ஃப்ரம் ஹோம்தான்."

"அப்புறம் என்ன? வீட்டுல ஹீட்டர் போட்டு உட்கார்ந்து வேலை பாக்காம, பொண்ணை இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டு, இந்தக் குளிர்ல வந்து ஒளிஞ்சிருக்கே?"

ஷ்யாமளா மீட்டிங்கை மியூட் பண்ணினாள். யாராவது வருகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. நான் வீட்டுல இருந்தா ஹம்சாவுக்கு ஏது வேலை?"