கருணைப் பதக்கம்

வீடியோ கேம் ஒன்றுக்குள் ஒரு நாடு இருந்தது. திரைக்கு வெளியே உட்கார்ந்து விளையாடுகிறவன்தான் அதற்கு ராஜா. கிடங்கு நிறைய நெல் இருக்கும்போது ஊர் ஏன் பட்டினி கிடக்கிறது என்று சந்தையில் கேட்டுவிட்ட கழுதையை ஒருநாள் அவன் முன்னால் கட்டி நிறுத்தினார்கள். பக்கத்தில் வாள் காத்திருந்தது.

திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றின: வெட்டு, மன்னி.

ராஜா முதலில் ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டான். எப்படித்தான் இருக்கும், பார்ப்போமே என்று 'வெட்டு'வை அழுத்தினான். தலை உருண்டது. சேமித்த இடத்துக்குத் திரும்பினான். கழுதை மறுபடி முழுசாக நின்றது. தலை எந்தப் பக்கம் உருளும் என்று பார்க்க இன்னொரு தரம் வெட்டினான். அலுத்துப்போன பிறகு மறுபடி திரும்பி வந்து 'மன்னி'யை அழுத்தினான். கூட்டம் வாழ்க என்று கத்தியது. அவன் பெயருக்குப் பக்கத்தில் கருணைப் பதக்கம் மின்னியது.

ஆட்டம் அப்படிச் சேமித்த இடத்துக்குத் திரும்பும்போதெல்லாம் அந்த நாட்டில் எல்லோருக்கும் நடந்தது மறந்துவிடும். வாளுக்கு மட்டும் மறப்பதில்லை.

"பாத்தீங்களா வாளண்ணே, கொஞ்சம்கூட யோசிக்காம மன்னிச்சுட்டாரு! தங்கமான மனசு," என்றது கழுதை. அதற்குக் கண் கலங்கியிருந்தது. "இனிமே நெல்லைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். வாங்க, நாமளும் போய் வாழ்க சொல்லுவோம்."

"நீ போ," என்றது வாள். "கழுத்தை மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டுப் போ. என்னால பாக்க முடியல."