சலிமோவின் கூவல்

“ஒரே ஒரு நாள் காலைல மட்டும் அந்தப் பெட்டியக் குடுங்க தம்பி. சாயங்காலமே பத்திரமா கொண்டாந்து வெச்சிடறேன்.”

அத்திஜா மூன்றாவது நாளாக வந்து நிற்கிறாள். காசிமிரோவுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. நம்பூலா நகரத்திலிருந்து நியாஸா காட்டு ஆய்வு முகாமுக்கு அவன் வேலைக்கு வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது.

“அது பறவைக்குப் போட்டுக் காட்டற ஒலிப்பெருக்கிம்மா. ஆராய்ச்சி சாமான். வெளிய குடுத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்.”

“அதுல இருக்கறது எங்க வீட்டுக்காரர் குரல்தானே?”

அது உண்மைதான். தேன்காட்டிப் பறவைகள் மனிதர்களின் கூவலைப் புரிந்துகொண்டு தேன்கூட்டுக்கு வழிகாட்டுகின்றன. அதிலும் அந்தந்த ஊர்க் கூவலுக்குத்தான் அதிகம் செவிசாய்க்கின்றன. இதைச் சோதித்துப் பார்க்க முகாமில் பதிவு செய்து வைத்திருந்த குரல்களில், அவள் கணவர் சலிமோவின் ‘ப்ர்ர்ர்... ஹ்ம்!’தான் முதல் தரம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இனி காட்டுக்கு வரமாட்டார்.’ அதைப் படித்திருந்ததால், அவளிடம் எதையும் கிளறிக் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

“அந்தக் குருவி தெனம் விடியக்காலைல எங்க மாமரத்துல வந்து உக்காந்து கத்துது தம்பி. பதிலுக்குக் கூவிக்கிட்டே பின்னால போனாத்தான் கூட்டிட்டுப் போகும். கூவ ஆளில்லைன்னா அது எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்? போயிடுது.”

“பசங்க இல்லையா?”

“ரெண்டு பேரும் பெம்பாவுல லாரி ஓட்டறானுங்க. நானே ஒருநாள் கூவிப் பார்த்தேன். கோழிங்கதான் ஓடியாந்துச்சு.”

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தோள்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஓயாம பேசற மனுஷன் தம்பி. ‘கொஞ்சம் வாயை மூடுங்களேன்’னு முப்பது வருஷம் திட்டியிருக்கேன். இப்ப அந்தக் குரலுக்கு ஏங்கிக் கெடக்கேன். அதக் கேட்டு ஒரு வருஷமாச்சு.”

காசிமிரோவின் அம்மா இறந்து இரண்டு வருஷம். அவள் குரல் எந்தப் பெட்டியிலும் இல்லை. இருந்திருந்தால் அவனும் இப்படித்தான் யார் வாசலிலாவது போய் நின்றிருப்பான்.

“நாளைக்குக் காலைல நானே எடுத்துட்டு வரேம்மா,” என்றான். வேலை போனால் போகட்டும்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் அவள் வீட்டு மாமரத்தடியில் நின்று பட்டனை அழுத்தினான்.

‘ப்ர்ர்ர்... ஹ்ம்!’

அத்திஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொரு தடவை போடுங்க தம்பி.”

போட்டான். ஐந்தாறு தடவை போட்டபிறகு, தவிட்டு நிறத்தில் ஒரு சின்னப் பறவை கிளையில் வந்து அமர்ந்து, படபடவென்று கத்தத் தொடங்கியது. காசிமிரோ அவள் பக்கம் குனிந்தான்.

“கடவுள் அவரை நல்ல இடத்துல வெச்சிருப்பார்மா,” என்றான்.

அவள் காதில் அது விழவே இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“ஏங்க, கோடாலிய எடுத்துட்டு ஓடியாங்க! உங்க குருவி வந்திருச்சு!”

கழுத்தில் அறுவைத் தழும்போடு ஓடிவந்த சலிமோ, கிளையைப் பார்த்து ஆசையாக வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. திகைத்து நின்ற காசிமிரோவின் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டனை அழுத்தி அழுத்திக் கூவியபடியே பறவையின் பின்னால் ஓடினார்.