இரண்டு கால், ஒரு களிம்பு

ஜன்னல் வெயில் விழும் மேஜையில் கணவரின் இரண்டு பாதங்களும் நீட்டிக் கிடக்கின்றன. இரண்டிலும் ஆறாத சர்க்கரைப் புண். இடது காலுக்கு, இலைச்சாற்றில் வெள்ளியை நுண்துகளாக்கிச் செய்த பழுப்புக் களிம்பு. வலது காலுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே கலக்காத வெறும் களிம்பு. ஆராய்ச்சி டாக்டர் முதல் நாளே இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்று கட்டைப் பிரித்தால், இரண்டு புண்ணும் ஒன்றுபோல் சுருங்கி, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரின் முகம்தான் ஏனோ சுண்டிப்போகிறது.

"வலது காலுக்கு என்ன போட்டீங்க?"

"இதையேதான் டாக்டரம்மா, பாதி எடுத்து அதுக்கும் போட்டேன். ரெண்டும் இவரு காலுதானே?"

"மொத்த ஆராய்ச்சியையும் குட்டிச்சுவராக்கிட்டீங்களே! இனிமே இவரைச் சேர்த்துக்க முடியாது."

கையுறை போட்ட கை களிம்பு டப்பாவை இழுத்து, இறுக மூடி, குளிர்பெட்டிக்குள் வைக்கிறது. பெட்டி உறுமத் தொடங்குகிறது. மனைவியின் விரல் நுனியில் மட்டும் பழுப்புக் கறை மினுங்குகிறது.

"தெரியாம செஞ்சுட்டேம்மா. வலது கால் எப்படியோ போகட்டும், தொடவே மாட்டேன். இடதுக்காவது குடுங்க."

கணவர் வலது காலை மெல்ல மேஜையிலிருந்து இறக்கி, நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறார்.